சிகாகோவை விட்டுப் போனவர்

1921 ஜூனில் ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ நாளிதழில் ஒரு பத்தி தொடங்கியது. பெயர், ‘சிகாகோவில் ஆயிரத்தொரு பிற்பகல்கள்’. எழுதியவர் பென் ஹெக்ட். வயது 27. கொலை, கொள்ளை, தேர்தல் என்று முதல் பக்கத்துக்குப் போகிற எதுவும் அந்தப் பத்தியில் கிடையாது. தெற்கு ஸ்டேட் தெருவில் பச்சை குத்தும் ஒருவர், தன் தொழிலுக்கு மவுசு போய்விட்டதே என்று மனம் விட்டுப் பேசுவார். நள்ளிரவு தாண்டி ஓடுகிற டிராமில் அசதியான முகங்கள் வரும். ஒருநாள் மூடுபனி இறங்கும். தெருவில் போகிறவர்கள் அதற்குள் மறைந்துபோவார்கள். அவ்வளவுதான் சங்கதி. மறுநாள் வேறொரு தெரு, வேறொரு ஆள்.

அந்தப் பத்தியை எழுதியவர்தான் பிறகு ஹாலிவுட்டுக்குப் போய், அங்கே மிக அதிகச் சம்பளம் வாங்கிய திரைக்கதாசிரியர்களில் ஒருவர் ஆனார். ஆஸ்கர் விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்ட 1929இல், கதைக்கான பரிசு அவருக்குப் போனது. ‘ஸ்கார்ஃபேஸ்’, ‘நத்திங் சேக்ரட்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’, ஹிட்ச்காக்குக்கு எழுதிய ‘ஸ்பெல்பவுண்ட்’, ‘நொட்டோரியஸ்’ என்று அவருடைய படங்களை அடுக்கலாம். பெயர் போட்டவை ஏறத்தாழ எழுபது. பெயர் போடாமல் கை வைத்தவை வேறு. இந்தப் படங்களை நான் விரும்பித் திரும்பத் திரும்பப் பார்க்கிறவன். ஆனாலும் மனம் போய் நிற்பது அந்தப் பத்தியில்தான். ஒரு நாளிதழின் இரவு டெஸ்கில் சில காலம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தவன் என்பதால்கூட இருக்கலாம். அச்சுக்கு அனுப்புகிற நேரம் நெருங்கும்போது அந்த அறையில் ஏறும் சூடு, வேறெந்த வேலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஹெக்டுக்கும் கிடைக்கவில்லை என்று அவர் எழுத்தே சொல்கிறது.

நியூயார்க்கில் 1894இல் பிறந்தவர். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள், தையல் தொழில். வளர்ந்தது விஸ்கான்சின் மாநிலத்தில் ரஸீன் என்ற ஊரில். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் மூன்றே நாளில் அது வேண்டாமென்று ரயிலேறி சிகாகோவுக்கு வந்துவிட்டார். அது 1910, வயது 16. மாமா ஒருவர் அவரை ‘சிகாகோ டெய்லி ஜர்னல்’ முதலாளியிடம் கூட்டிப்போனார். முதலாளி வீட்டில் அன்று விருந்து. விருந்தில் வாசிக்க விரசமாக ஒரு பாட்டு எழுதித் தரச் சொன்னார். பையன் எழுதிக் கொடுத்தான், வேலை கிடைத்தது. ஒரு கவிதைக்காக நிருபர் வேலை கிடைத்த காலமும் இருந்திருக்கிறது.

கொடுத்த வேலை படம் பிடுங்கி வருவது. கொலையுண்டவர், தற்கொலை செய்துகொண்டவர், ஓடிப்போனவர் ஆகியோருடைய புகைப்படத்தை எப்படியாவது அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அதனால் அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்கிற சாக்கில் உள்ளே போய், சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்றிக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வருவது. இழவு வீட்டில் திருடுவதுதான் அவருடைய முதல் உத்தியோகம். இதை அவர் பிற்காலத்தில் குஷியாகவே எழுதினார். என்னால் அவ்வளவு குஷியாகப் படிக்க முடிவதில்லை. அந்தப் படம் ஒன்றுதான் மிச்சம் என்று வைத்திருந்த தாய் ஒருத்தி அந்த வீட்டில் இருந்திருப்பாள். ஏரிக்கரையில் பள்ளம் தோண்டிப் படமெடுத்து, சிகாகோவில் நிலநடுக்கம் என்று செய்தி போட்டதாகவும் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதில் எது நடந்தது, எது ஜோடனை என்று பிரிப்பது கஷ்டம். நான் ஏங்குகிற அந்தப் பத்திரிகை உலகம் சுத்தமானதாக இருக்கவில்லை. அதை மறைத்துக்கொண்டு ஏங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

1914இல் ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகைக்கு மாறினார். அங்கேதான் அவருக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார்: ஹென்றி ஜஸ்டின் ஸ்மித். நிருபர்களுக்குள் எழுத்தாளர்கள் இருப்பார்கள் என்று நம்பிய மனிதர். கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் அதே அறையில் சம்பளத்துக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். முதல் உலகப்போர் முடிந்த கையோடு ஹெக்டைப் பத்திரிகை பெர்லினுக்கு அனுப்பியது. தோற்றுப்போன ஒரு நாடு தெருவுக்குத் தெரு சுட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த அனுபவமும் சேர்ந்து 1921இல் ‘எரிக் டார்ன்’ என்ற முதல் நாவலாக வெளிவந்தது.

வெல்ஸ் தெருவில் ‘ஷ்லோகல்ஸ்’ என்றொரு ஜெர்மன் உணவகம். டெய்லி நியூஸ் ஆட்களுக்கென்று அங்கே ஒரு வட்ட மேசை. ஸ்மித், சாண்ட்பர்க், ஹெக்ட், ஊருக்கு வந்தால் ஷெர்வுட் ஆண்டர்சன் என்று மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவார்கள். ‘டில் பிக்கிள் கிளப்’ என்று இன்னொரு இடம். கவிஞர்கள், வேலையில்லாதவர்கள், புரட்சி பேசுகிறவர்கள் எல்லோரும் வந்துபோகும் கூடாரம். அங்கே ஹெக்டும் அவர் நண்பர் கவிஞர் மாக்ஸ்வெல் போடன்ஹைமும் ஒருமுறை இலக்கிய விவாதம் நடத்தினார்களாம். தலைப்பு: இலக்கிய விவாதம் கேட்க வருகிறவர்கள் முட்டாள்கள். ஹெக்ட் எழுந்து கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என் தரப்பு நிரூபணமாயிற்று என்று உட்கார்ந்துவிட்டார். போடன்ஹைமும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நீ ஜெயித்தாய் என்றாராம். காசு வாங்கிக்கொண்டு கூட்டத்தை இப்படி அனுப்பிவைத்தவர்கள் என்று சிகாகோவில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பத்தியின் யோசனையோடு அவர் ஸ்மித்திடம் வந்தது 1921 வசந்தத்தில். பத்திரிகை எதைச் செய்தி என்கிறதோ அதற்குச் சற்றுக் கீழே வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது, அதை எழுத வேண்டும் என்பதுதான் யோசனை. ஸ்மித் அதைப் பின்னால் அந்த நூலின் முன்னுரையில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இன்று இது சாதாரணமாகப் படும். ஆனால் நாலு மணிக்குள் நீதிமன்றச் செய்தியை முடித்தாக வேண்டிய ஓர் அறையில், ஓர் ஆசிரியர் தன் நல்ல நிருபர் ஒருவரை விடுவித்து, போய் ஊரைச் சுற்றிவிட்டு வந்து எதை வேண்டுமானாலும் எழுது என்று சொன்னார் என்பதை யோசித்துப் பாருங்கள். எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. தினமும் ஒன்று. பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் மாலைக்குள் அச்சாகிவிடும். தயாரிப்பாளர் திருத்த மாட்டார், நட்சத்திரம் வசனத்தை மாற்றச் சொல்லாது. அதில் எல்லாமே அருமை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் அலங்காரம் அதிகம், சில இடங்களில் இளம் எழுத்தாளனின் மிடுக்கு துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் ஆரம்பம் முதல் முடிவு வரை அவருடைய கை. 1922இல் ஓவியர் ஹெர்மன் ரோஸ் வரைந்த படங்களோடு நூலாக வந்தது.

அதே ஆண்டு எல்லாம் கெட்டுப்போனது. ‘ஃபண்டேசியஸ் மல்லாரே’ என்று ஒரு விபரீதமான நாவலை எழுதி வெளியிட்டார். ஆபாசம் என்று மத்திய அரசு வழக்குப் போட்டது. டெய்லி நியூஸ் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. பத்தி நின்றது. ‘சிகாகோ லிட்டரரி டைம்ஸ்’ என்று சொந்தமாகவே ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்தார்; 1923இல் தொடங்கியது மறு ஆண்டே முடிந்தது. 1924இல் மூட்டை கட்டிக்கொண்டு நியூயார்க்குக்குப் போனார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார். குடியிருக்கச் சிகாகோவுக்குத் திரும்பவே இல்லை.

ஹாலிவுட் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1926இல், நியூயார்க்கில் கையில் காசில்லாமல் இருந்தபோது, ஹெர்மன் மான்கெவிச்சிடமிருந்து தந்தி வந்தது. அவரும் பத்திரிகையிலிருந்து சினிமாவுக்குப் போனவர், பின்னால் ‘சிட்டிசன் கேன்’ எழுதியவர். பாரமவுண்டில் வாரம் 300 டாலர் தருகிறார்கள், இங்கே கோடி கோடியாக அள்ளலாம், போட்டிக்கு இருப்பவர்கள் மூடர்கள், வெளியே சொல்லாதே என்கிற மாதிரியான தந்தி. ஹெக்ட் போனார். எழுதிக் கொடுத்த முதல் கதை ‘அண்டர்வேர்ல்ட்’. சிகாகோ ரவுடிகளை நிருபராகப் பக்கத்தில் இருந்து பார்த்த பழக்கத்தில் எழுதியது. நாயகனே இல்லாமல் வில்லன்களை மட்டும் வைத்துக் கதை பண்ணலாம் என்பதுதான் அவர் கண்டுபிடித்த வழி. இயக்குநர் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் அதில் உருக்கமான காட்சிகளைச் சேர்த்ததைப் பார்த்துவிட்டு, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். எடுக்கவில்லை. அந்தப் படத்துக்குத்தான் ஆஸ்கர் வந்தது.

அமெரிக்கக் குற்றப்படங்கள் என்ற மரபே அங்கிருந்து கிளம்பியது என்பார்கள். அது கிளம்பிய இடம் ஸ்டூடியோ இல்லை, சிகாகோவின் குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த நிருபர் அறை. அந்த அறையைத்தான் அவர் 1928இல் நாடகமாக்கினார்.

‘தி ஃப்ரண்ட் பேஜ்’. கூட எழுதியவர் சார்ல்ஸ் மெக்ஆர்தர், அவரும் பழைய சிகாகோ நிருபர், உயிர் நண்பர். ஜார்ஜ் காஃப்மன் இயக்கத்தில் 1928 ஆகஸ்ட் 14 அன்று பிராட்வேயில் அரங்கேறியது. மேடையில் அந்த ஓர் அறைதான், ஓர் இரவுதான். விடிந்தால் ஒருவனுக்குத் தூக்கு. நிருபர்கள் சீட்டாடிக்கொண்டு, சாண்ட்விச் தின்றுகொண்டு, தூக்குமேடை சோதிக்கப்படும் சத்தத்தைக் கேட்டபடி தொலைபேசியில் பொய்யும் மெய்யுமாகச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஹில்டி ஜான்சன் மட்டும் வேலையை விட்டுவிட்டான். நியூயார்க்கில் விளம்பர உத்தியோகம், கல்யாணம், ரயில் டிக்கெட் எல்லாம் தயார். சக நிருபர்களிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவன். அந்த நேரம் பார்த்து, தப்பித்த தூக்குக் கைதி சன்னல் வழியாக அந்த அறைக்குள்ளேயே வந்து விழுகிறான். ஹில்டியின் கால் அதற்குமேல் வாசலைத் தாண்டுமா? கைதியை மேசைக்குள் ஒளித்துவைத்துவிட்டு ஆசிரியர் வால்டர் பர்ன்ஸுக்குத் தொலைபேசியை எடுக்கிறான். வருங்கால மாமியார் கத்துகிறாள், காதலி அழுகிறாள், அவன் தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறான்.

கடைசியில் வால்டர் மனம் இளகி ஹில்டியை வாழ்த்தி, தன் கடிகாரத்தையே பரிசாகக் கொடுத்து ரயிலுக்கு அனுப்புகிறார். அவர்கள் போன பிறகு தொலைபேசியில் உத்தரவு: இந்தியானாவில் ரயில் நிற்கிற ஊரில் போலீஸுக்குத் தந்தி கொடு, அவன் என் கடிகாரத்தைத் திருடிவிட்டான் என்று. அரங்கம் இதற்குச் சிரிக்கும். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ரயில் சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குப் போகிறது. ஹெக்ட் நான்கு ஆண்டுகளுக்கு முன் போன அதே பாதை. யாராவது நடுவழியில் தன்னைக் கைது செய்து திருப்பி அனுப்பியிருக்கக் கூடாதா என்ற ஆசை அந்த முடிவில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நூலாக வந்தபோது இருவரும் எழுதிய குறிப்பில் இதை ஏறத்தாழ ஒப்புக்கொள்கிறார்கள். பத்திரிகைத் தொழிலை மேலே நின்று ஏளனம் செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தார்கள். எழுத எழுத, தாங்கள் நாடக மேதைகளும் இல்லை, அறிவுஜீவிகளும் இல்லை, சொந்த மண்ணிலிருந்து விலகிக் கிடக்கிற இரண்டு நிருபர்கள் என்பது தெரிந்துவிட்டதாம்.

அந்த நாடகத்திலும் கசப்பு உண்டு. அந்த நிருபர்களுக்கு மரணம் ஒரு தலைப்பு. தூக்குக் கைதிக்காக இரங்கிய ஏழைப் பெண்ணை அவர்கள் சீண்டுகிற காட்சி பார்க்கச் சகிக்காது. கறுப்பின மக்களைப் பற்றி அவர்கள் பேசுகிற பேச்சு இன்னும் மோசம். அன்று சிகாகோவில் அப்படித்தான் பேசினார்கள் என்பது உண்மைதான். அந்தக் கொடூரத்தையும் அவர்கள் பூசி மெழுகாமல் மேடையில் வைத்தார்கள். அதனால்தான் இத்தனை காலத்துக்குப் பிறகும் அது உயிரோடு இருக்கிறது. 1931இல் லூயிஸ் மைல்ஸ்டோன் படமாக்கினார். 1940இல் ஹோவர்ட் ஹாக்ஸ், ஹில்டியைப் பெண்ணாக்கி ‘ஹிஸ் கேர்ல் ஃப்ரைடே’ எடுத்தார். ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் பேசிவிடுகிற அந்த வேகம் இன்றைக்கும் மூச்சு முட்டவைக்கும். 1974இல் பில்லி வைல்டர் மீண்டும் எடுத்தார். வைல்டரும் இளமையில் வியன்னாவிலும் பெர்லினிலும் நிருபராக இருந்தவர்.

சினிமாவில் ஹெக்ட் சம்பாதித்ததைப் பற்றி நிறையக் கதைகள். ‘ஸ்கார்ஃபேஸ்’ எழுத, தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸிடம் நாளுக்கு 1,000 டாலர், அதுவும் தினமும் மாலை ரொக்கமாக வைத்தாக வேண்டும் என்று பேசி வாங்கினார். 1939இல் ‘கான் வித் த விண்ட்’ படப்பிடிப்பு திரைக்கதை சரியில்லாமல் நின்றுபோனபோது தயாரிப்பாளர் செல்ஸ்னிக் ஓடி வந்தது ஹெக்டிடம்தான். அவர் அந்த நாவலைப் படித்திருக்கவில்லை. செல்ஸ்னிக்கும் இயக்குநர் விக்டர் ஃப்ளெமிங்கும் பாத்திரங்களாக நடித்துக் காட்டினார்கள். வாழைப்பழமும் வேர்க்கடலையும்தான் சாப்பாடு. ஹெக்ட் இரவு பகலாகத் திருத்தி எழுதினார். படத்தில் அவர் பெயர் இல்லை. அவரும் கேட்கவில்லை. காலக்கெடுவுக்குள் எழுதி முடிப்பது, அறைக்குள் பத்துப் பேர் கத்தும்போதும் தட்டச்சை நிறுத்தாமல் இருப்பது, எழுதியதன்மேல் பிடிவாதம் வைக்காமல் கொடுத்துவிடுவது: அவரை அத்தனை ஸ்டூடியோக்களும் தேடியதற்கு இவைதான் காரணம். எல்லாமே செய்தி அறை கற்றுக்கொடுத்தவை. அந்த அறை தந்த இன்னொன்று, அடியில் தன் ஒருவர் பெயர் மட்டும் நிற்கிற ஒரு பத்தி. ஹாலிவுட்டில் அதற்கு இடமில்லை. அதனாலோ என்னவோ, படங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அலட்சியமாகவே பேசினார். வாங்கிய ஆஸ்கரைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுக்க வைத்திருந்தாராம்.

இந்த அலட்சியத்தை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ‘நொட்டோரியஸ்’ படத்தில் காதலிப்பவளை வேவு பார்க்க அனுப்பிவிட்டு உள்ளுக்குள் வெந்துபோகிறவனின் வசனங்கள், கூலிக்கு எழுதியவை மாதிரி இல்லை. ஆனால் தன் வேலை எங்கே இருந்தது என்பதை ஒருவர் தாமே சொல்லும்போது நாம் கொஞ்சம் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஹெக்ட் பத்திரிகைக்குத் திரும்பிப் போக ஒருமுறை முயன்றார் என்பது பலருக்குத் தெரியாது. 1940இல் நியூயார்க்கில் ரால்ஃப் இங்கர்சால் ‘பிஎம்’ என்று ஒரு நாளிதழ் தொடங்கினார். விளம்பரமே வாங்காமல் நடத்துவதென்று உறுதி. ஹாலிவுட்டின் உச்சத்தில் இருந்த ஹெக்ட் அதில் பத்தி எழுத உட்கார்ந்தார். சிகாகோவில் விட்ட நூலை அப்படியே எடுத்துக் கோத்ததைப் போல, ‘நியூயார்க்கில் ஆயிரத்தொரு பிற்பகல்கள்’. 1941இல் அது நூலானபோது படம் வரைந்தவர் ஜார்ஜ் குரோஸ். பெர்லினில் நிருபராக இருந்த நாட்களில் பழக்கமானவர், இப்போது ஹிட்லரிடமிருந்து தப்பி நியூயார்க்கில் இருந்தார். நாற்பத்தேழு வயதில், பணத்துக்குப் பஞ்சமில்லாத ஒரு மனிதர், மறுபடியும் தெருத்தெருவாக அலைந்து மாலைக்குள் எழுதிக் கொடுக்கிறார். வேறெதையும்விட இதுதான் எனக்கு அவரை நெருக்கமாக்குகிறது.

ஆனால் நகரமும் காலமும் வேறாகிவிட்டன. ஐரோப்பாவில் யூதர்கள் வேட்டையாடப்படுவதைப் பற்றி அந்தப் பத்தியில் அவர் எழுதத் தொடங்கியதும், அது அவரைக் கைப்பிடித்து வேறெங்கோ இழுத்துப்போனது. யூத அரசியல் குழுவொன்று அவரைத் தேடி வந்தது. 1943 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கர்ட் வைல் இசையோடு ‘நாங்கள் ஒருநாளும் சாக மாட்டோம்’ என்ற பெரும் நிகழ்ச்சியை எழுதி நடத்தினார். கொல்லப்படுகிறவர்களுக்காக அமெரிக்கா வாய் திறக்க வேண்டும் என்று கேட்ட நிகழ்ச்சி. போர் முடிந்தபின் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷாரை ஆயுதத்தால் எதிர்த்தவர்களை வெளிப்படையாகப் புகழ்ந்தார். பிரிட்டன் அவர் படங்களைப் புறக்கணித்தது. அந்த அரசியலைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது, அதுவும் ஒரு நாளிதழ்ப் பத்தியில்தான் தொடங்கியது என்பது.

பிறகு எழுதியவற்றில் அவர் மனம் எங்கே இருந்தது என்று பாருங்கள். 1954இல் ‘எ சைல்ட் ஆஃப் த செஞ்சுரி’ என்ற பெரிய சுயசரிதை. அதில் மிகவும் துள்ளுகிற பக்கங்கள் சிகாகோவைப் பற்றியவை. 1956இல் மெக்ஆர்தர் இறந்தார். மறு ஆண்டே அவரைப் பற்றி ஒரு நூல். 1963இல் ‘கெய்லி, கெய்லி’, மறுபடியும் சிகாகோவில் சின்ன வயது நிருபனாக இருந்த நாட்கள். 1964 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில் இறந்தார். கடைசி ஆண்டு வரை சினிமாவுக்கும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தனக்கென்று எழுத உட்காரும்போதெல்லாம் பேனா போனது அந்த ஊருக்குத்தான்.

அவர் முதலில் வேலை பார்த்த ‘ஜர்னல்’ 1929இலேயே மூடப்பட்டது. ‘டெய்லி நியூஸ்’ 1978 மார்ச் 4 அன்று கடைசி இதழைப் போட்டது. நிருபர் அறை இருந்த நீதிமன்றக் கட்டடம் ஹப்பார்ட் தெருவில் இன்றும் நிற்கிறது, அலுவலகங்களாக. அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் ஹாலிவுட்டுக்கோ நியூயார்க்குக்கோ போகவில்லை. சிகாகோவில் நியூபெரி நூலகம் அவற்றை வாங்கி வைத்திருக்கிறது. டில் பிக்கிள் கிளப் இருந்த இடத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம்.

சிகாகோ பத்திகளில் 1922 நூலில் தொகுக்கப்பட்டது அறுபத்துச் சொச்சம்தான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நாள்தோறும் எழுதியவர். மிச்சத்தில் பெரும்பாலானவை பழைய டெய்லி நியூஸ் தாள்களின் படச்சுருள்களில் இருக்கின்றன. அன்றைய விளம்பரங்களுக்கும் வானிலைக் குறிப்புக்கும் பக்கத்தில், அச்சான இடத்திலேயே அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாராவது அவற்றையும் தொகுத்தால் நன்றாக இருக்கும். அதைவிட, அந்த மூடுபனிக்கும் பச்சை குத்துகிறவருக்கும் பிறகு வந்த பிற்பகல்களையும் அவரே உட்கார்ந்து எழுதியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.